ஜெயக்கொடி குடியிருந்த வீடுகள்

கேட்டுட்டீங்கல்ல சார், இனி சொல்லிருவேன். கேட்டா பொய் சொல்ல மாட்டேன், கேக்காட்டி நானா வாயத் தொறக்க மாட்டேன். இந்தத் தொழில்ல நான் வச்சிருக்கிற சட்டம் அதுதான்.

உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. வீட்டுக்காரரு போன் பண்ணாரு, ரயில்வே கேட்டுல மாட்டிக்கிட்டாராம். மாடிச் சாவி அவருகிட்டதான் இருக்கு. அதுவரைக்கும் மேடம் உள்ள பொறுமையாப் பாக்கட்டும். குழாயத் திருகிப் பாக்கட்டும், ஜன்னலத் தொறந்து மூடிப் பாக்கட்டும். பின்னாடி ரூம்ல அட்டைப்பெட்டியா அடுக்கியிருக்கும், அது என்னோட சாமான். நீங்க முடிச்சீங்கன்னா உடனே எடுத்துருவேன்.

என்ன கேட்டீங்க, தெருவுல எல்லா வீடும் ஒரு விலை, இது மட்டும் ஏன் இவ்வளவு எறங்கி இருக்குன்னு. அப்புறம், இங்க யாராச்சும் செத்தாங்களான்னு. ரெண்டுக்கும் பதில் ஒண்ணுதான். ஆனா மொதல்லருந்து சொன்னாத்தான் சரியா வரும். பாதியில சொன்னா வீட்ட தப்பா நெனச்சிருவீங்க.

நான் இருவது வருசத்துக்கு மேல மதுரையில வீடு காட்டுறேன் சார். கார்டுல 'ரத்தினம், வீட்டு மனை ஆலோசகர்'னு போட்டிருக்கேன். இப்பப் பதிவு நம்பர் வாங்கணும்னு சொன்னாங்க, அதையும் வாங்கிப் போட்டாச்சு. ஆனா என்ன போட்டாலும் சனங்க வாயில புரோக்கர்தான். அதையும் சும்மா சொல்ல மாட்டாங்க, உதட்டச் சுழிச்சுக்கிட்டுத்தான் சொல்லுவாங்க. என் மக கலைமதிய திண்டுக்கல்லுல குடுத்திருக்கேன். நிச்சயத்தன்னிக்கு மாப்பிள்ளையோட பெரியப்பா என் காது கேக்கவே சொன்னாரு, 'புரோக்கர் வீட்டுப் பொண்ணா, பேச்சுல சூதானமா இருந்துக்கங்கப்பா'ன்னு. நான் சிரிச்சுக்கிட்டேன். என்ன செய்யிறது.

அவங்களச் சொல்லியும் குத்தமில்ல. எங்க ஆளுங்க பண்றதும் அப்படித்தான். ரெண்டு ஓட்ட வீட்டக் காட்டிட்டு மூணாவதா சுமாரான வீட்டக் காட்டுவாங்க, அது அரண்மனை மாதிரி தெரியும். தண்ணி வராத தெருவுக்கு, தண்ணி வர்ற நாளாப் பாத்துக் கூட்டிட்டுப் போவாங்க. வாங்குறவன்கிட்ட ஒரு கமிஷன், விக்கிறவன்கிட்ட ஒரு கமிஷன். நான் அந்த ஆளு இல்ல. நீங்க வெளிய யாரு கிட்ட வேணாலும் விசாரிங்க. நான் இருக்காத வீட்ட நான் விக்க மாட்டேன்.

சும்மா பேச்சுக்குச் சொல்லல. நெசமாவே குடியிருந்து காட்டுவேன்.

அது எப்படி ஆரம்பிச்சதுன்னா, விளாங்குடியில ஒரு வீடு. நல்ல வீடு, தேக்குல நெலவாசல். ஆனா உள்ள ஒருத்தரு தூக்கு மாட்டிக்கிட்டாரு. அதோட அந்த வீட்டுக்குக் கெட்ட பேரு விழுந்துருச்சு. வாடகைக்குக் கூட ஆள் வரல. வர்றவங்க எல்லாம் எதுத்த கடையில டீ குடிப்பாங்க, கடைக்காரரு சொல்லிருவாரு, அப்படியே பஸ் ஏறிருவாங்க. வீட்டுக்காரரு என் கையப் புடிச்சு அழுதாரு. அப்பத்தான் எனக்குத் தோணுச்சு, ஒரு குடும்பம் உள்ள இருந்து நல்லபடியா வெளிய வந்துட்டா பேரு போயிரும்ல. ஆனா எந்தக் குடும்பம் வரும்? நானும் அப்ப வாடகை வீட்டுலதான் இருக்கேன். சம்சாரத்துக்கிட்டக் கேட்டேன். கேட்டேன்னா, சொன்னேன். ஜெயக்கொடி, நாம கொஞ்ச நாளு அங்க இருப்போம், வாடகை கிடையாதுன்னேன்.

அவ பயப்படல சார். அதச் சொல்லணும். பித்தளைச் சட்டி ஒண்ணு வச்சிருந்தா, அவங்க அம்மா வீட்டுலருந்து வந்தது. அதத் தேய்ச்சு எடுத்துக்கிட்டு வந்து, அந்த ஆளு தொங்குன ரூம்லயே அடுப்ப வச்சு, பால் காய்ச்சுனா. பொங்கி வழிஞ்சுச்சு. எதுத்த கடைக்காரருக்கும் ஒரு டம்ளர் குடுத்து விட்டா. அதோட அவரு வாய அடச்சாச்சு.

அப்புறம் தினம் காலையில வாசல்ல பெரிய கோலம் போடுவா. சின்னதாப் போட்டா தெருவுக்குத் தெரியாதுல்ல. காய்காரியக் கூப்புட்டா மூணு வீடு தாண்டிக் கேக்கும். துணிய மொட்டை மாடியில காயப்போடாம முன்னாடி காயப்போடுவா, புள்ள பாவாட சட்டையெல்லாம் தெரியிற மாதிரி. நான் சொல்லிக் குடுக்கல சார், அவளுக்கே தெரிஞ்சுச்சு. ஒரு வீட்டுல பொம்பள சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா பழைய கதைய சனங்க மறந்துருவாங்க. வருசம் திரும்பல, வீடு தெரு விலைக்கே போச்சு. வாங்குனவரு கேட்டாரு, யாரு இருந்தாங்கன்னு. நாந்தான் சார் இருந்தேன், பொண்டாட்டி புள்ளையோட, ஒரு குறையும் இல்லன்னேன். அதுல ஒரு வார்த்தை பொய் இருக்கா? சொல்லுங்க.

அதோட எனக்கு ஒரு பேரு ஆயிருச்சு. பேரு விழுந்த வீடு எது இருந்தாலும் ரத்தினத்தக் கூப்புடுங்கன்னு ஆயிருச்சு. அடுத்தடுத்து எட்டு வீடோ ஒம்பது வீடோ. கெணத்துல புள்ள விழுந்த வீடு ஒண்ணு. கடன்காரங்க வாசல்ல வந்து கத்துன வீடு ஒண்ணு. பொன்மேனியில ஒரு வீட்டுல ஒண்ணுமே நடக்கல, சும்மா யாரோ கெளப்பி விட்டது. எல்லாத்துலயும் அவ பால் காய்ச்சுனா. எல்லாத்துலயும் கோலம் போட்டா. பக்கத்து வீட்டுல பழகி, அவங்க கொழம்பு குடுத்து இவ ரசம் குடுத்து, சீட்டுக்கு ஆள் சேக்குற அளவுக்கு வரும்போது வீடு முடிஞ்சிரும். சாமான் கட்டணும். மொதல்லாம் மல்லிகைக் கொடி நட்டா. அப்புறம் தொட்டியில வச்சா, தூக்கிட்டுப் போற மாதிரி. அப்புறம் செடி வைக்கிறத விட்டுட்டா. நான் அத அப்பக் கவனிக்கல, இப்பச் சொல்லும்போதுதான் வருது.

கலைமதி பள்ளிக்கூடத்துல அட்ரஸ் எழுதச் சொன்னா பென்சில்ல எழுதும் சார். டீச்சர் கூப்புட்டு விசாரிச்சாங்க. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு, புத்திசாலிப் புள்ளைன்னு.

டீ சொல்லவா? வேணாமா? சரி.

இப்ப ஆனையூர் வீட்டப் பத்திச் சொல்லணும். அதச் சொல்லாம இந்த வீட்டுக்கு வர முடியாது. சின்ன வீடு, ரெண்டே ரூம். பின்னாடி முருங்கை மரம். அடுப்படி ஜன்னல் கெழக்கப் பாத்து இருக்கும், காலையில வெயிலு நேரா அடுப்பு மேல விழும். அந்த வீட்டுக்காரரு வெளிநாட்டுல மகன்கிட்டப் போயிட்டாரு, வித்துக் குடுங்கன்னாரு. நாங்க அங்க ஒரு மழைக்காலம் இருந்தோம். ஒருநா சாப்பாடு போட்டுக்கிட்டே அவ சொன்னா, 'இத நாமளே எடுத்துக்குவோமேங்க'ன்னு.

அவ எதையும் கேக்குற ஆளு இல்ல. கல்யாணமான நாள்லருந்து சேலை கூட நானா எடுத்துக் குடுத்ததுதான். அன்னிக்குக் கேட்டா. கலைமதிக்குப் போட்டது போக நகை இருக்கு, பத்தாததுக்கு பேங்குல கேப்போம்னு எல்லாம் யோசிச்சு வச்சிருக்கா. 'ஒரு தடவ பால் காய்ச்சுனா அது நமக்காக் காய்ச்சுனதா இருக்கட்டும்'னா.

ஆனா பாருங்க, அதுக்கு மொத வாரம்தான் ஒரு வாத்தியாரு வந்து வீட்டப் பாத்துட்டுப் போயிருந்தாரு. புடிச்சிருக்கு, ஊர்ல கேட்டுட்டுச் சொல்றேன்னாரு. அட்வான்ஸ் குடுக்கல, எழுதிக்கவும் இல்ல. வேற எவனா இருந்தாலும் அந்த எடத்துல தனக்கு முடிச்சிருப்பான். நான் செய்யல. ஒருத்தருக்குக் காட்டுன வீடு, அவரு வேணாம்னு சொல்ற வரைக்கும் அவரோடது. கஸ்டமருக்குக் காட்டிட்டு புரோக்கரே எடுத்துக்கிட்டான்னு வெளிய தெரிஞ்சா அப்புறம் நான் யாரு முகத்துல முழிக்கிறது? ஏற்கனவே எங்களப் பத்தி சனங்க என்ன பேசுறாங்கன்னு உங்களுக்கே தெரியும். ஜெயக்கொடிகிட்டச் சொன்னேன், அவரு வேணாம்னா நமக்குன்னு. சரின்னா.

அவரு ரொம்ப நாளு வரல. அவ தெனம் சாயங்காலம் என் முகத்தப் பாப்பா, எதுவும் கேக்க மாட்டா. போன் போட்டு வேணுமா வேணாமான்னு கேட்டிருக்கலாம்தான். அவசரப்படுத்துறது தொழில் மொறை இல்ல. கடைசியில குடும்பத்தோட வந்துட்டாரு. முடிச்சிருவோம்னாரு.

ஜெயக்கொடிதான் காப்பி போட்டுக் குடுத்தா. அந்த வாத்தியாரு சம்சாரத்த அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போயி, மழை அடிச்சா இந்த ஜன்னல இப்படிச் சாத்துங்க, இந்த அலமாரி இறுக்கும், கீழ அமுக்கி இழுங்கன்னு ஒவ்வொண்ணாச் சொல்லிக் குடுத்தா. நான் கூடத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன். எனக்குப் பெருமையா இருந்துச்சு சார். அந்த வாத்தியாரு இன்னிக்கும் பத்து பேர்கிட்ட சொல்லுவாரு, ரத்தினம் மாதிரி ஒரு புரோக்கரப் பாக்க முடியாதுன்னு. அவங்க பால் காய்ச்சுனப்ப பத்திரிக்கை வச்சுக் கூப்புட்டாங்க. நான் போனேன். அவ தலைவலின்னு படுத்துட்டா.

அங்கருந்து இங்கதான் வந்தோம். இந்த வீட்டுக்கு.

இந்த வீட்டுல ஒரு வயசான தம்பதி இருந்தாங்க. அந்தம்மா போனாங்க, அதே மாசத்துல அவரும் போயிட்டாரு. வயசாயிருச்சு சார், ரெண்டு பேருக்கும். ஆனா தெருவுல சேத்து வச்சுப் பேசிட்டாங்க, இந்த வீடு ஜோடியாக் காவு வாங்கும்னு. வீட்டுக்காரரு, இப்ப வர்றாருல்ல, அவங்க மகன்தான், என்னத் தேடி வந்தாரு. நான் ஜெயக்கொடிகிட்ட, இதுதான் கடைசி, இத முடிச்சுட்டு நமக்குன்னு ஒண்ணு பாப்போம்னேன். அதுக்கு முன்னாடியும் சொல்லியிருக்கேன். ஆனா அன்னிக்கு மனசாரச் சொன்னேன்.

வந்தன்னிக்கு அவ பால் காய்ச்சல. சட்டி எங்கன்னேன். பெட்டியில இருக்குன்னா. எடுன்னேன். 'அது நம்ம வீட்டுக்கு'ன்னுட்டா. கோலமும் இல்ல. காய்காரி தெருவுல போனா எந்திரிச்சுப் போயி மெதுவாக் கேட்டு வாங்கிட்டு வருவா, சத்தமே வராது. சாமான் ஒரு பெட்டி கூடப் பிரிக்கல. ரெண்டு தட்டு, ரெண்டு டம்ளர், ஒரு குக்கர். எனக்குக் கோவம். வீட்டுக்காரரு நம்பி விட்டிருக்காரு, இப்படி ஊமையா இருந்தா வீடு எப்படிப் போகும்? நானே ஒருநா காலையில மாவ எடுத்துக்கிட்டு கோலம் போடப் போனேன். எதுத்த வீட்டுப் புள்ளைங்க சிரிச்சிருச்சுங்க. உள்ள வந்து கத்துனேன். அவ வெளிய போயி நான் போட்டத தண்ணி ஊத்திக் கழுவிட்டு வந்தா.

அந்தா, மேடம் இப்ப நிக்கிறாங்கல்ல, அந்த ரூம்தான். மத்தியானம். நான் ஒரு பார்ட்டிக்கு மனை காட்டப் போயிருந்தேன். சாப்புட வந்து பாத்தா, பெட்டி மேல சாஞ்ச மாதிரி உக்காந்திருக்கா. தூங்குறான்னு நெனச்சு நானே சோத்தப் போட்டுச் சாப்புட்டேன். கை கழுவிட்டு வந்துதான் கூப்புட்டேன்.

டாக்டரு பி.பி.ன்னாரு. ரொம்ப நாளா இருந்திருக்குன்னாரு. அவ பையில பாதி பிரிக்காத மாத்திரை அட்டை கெடந்துச்சு.

எனக்கு அழுகை வரல சார். இப்ப வரைக்கும் வரல. எல்லாரும் அழுதாங்க, நான் வந்தவங்களுக்கு நாற்காலி போட்டுக்கிட்டு இருந்தேன். எங்க வீட்டுச் சாவு மாதிரியே தெரியல. அப்ப ஒரு பொம்பள, இந்தத் தெருதான், மாலையப் போட்டுட்டு வெளிய வந்து சொல்லுது, 'பாத்தியா, மூணாவதா ஒண்ண வாங்கிருச்சு இந்த வீடு'ன்னு. எனக்கு அங்கதான் சுருக்குன்னுச்சு. எந்திரிச்சுப் போயி சொன்னேன். ஏம்மா, வீடு என்னம்மா செய்யும், செங்கலும் சிமெண்டும். இவளுக்கு பி.பி. இருந்துச்சு, சொன்ன பேச்சக் கேக்காம மாத்திரைய ஒழுங்கா முழுங்கல, வீட்டு மேல ஒரு குத்தமும் இல்லன்னு. மாத்திரை அட்டைய எடுத்துட்டு வந்து காட்டுனேன். அவங்க நகந்து போனாலும் விடல, பந்தல்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் போயிச் சொன்னேன். தண்ணி நல்ல தண்ணி, காத்து வரும், வீட்டுக்கு ஒண்ணுமில்லன்னு. சொல்லணும்ல சார்? அப்பச் சொல்லாட்டி அந்தப் பேரு நெலச்சுப் போயிரும்.

கலைமதி அவங்க அம்மா தலமாட்டுல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்துச்சு. காரியம் முடிஞ்சு கெளம்புறப்ப என்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லுச்சு. 'அம்மா செத்தன்னிக்கும் நீங்க வீடுதாம்ப்பா வித்தீங்க'ன்னு. அதுக்கப்புறம் பேசல. நான் போன் பண்ணா மாப்பிள்ளை எடுத்து நல்லாருக்கோம் மாமாங்கிறாரு, வச்சிர்றாரு. நான் விக்கல சார். விளக்கம்தான் சொன்னேன். படிச்ச புள்ள, அதுக்கே புரியலன்னா வெளிய இருக்கிற சனங்க எங்களப் பத்தி என்ன நெனப்பாங்க? அதுதான் எனக்கு வருத்தம்.

வீட்டுக்காரரு போன வாரம் கேட்டாரு, மறுபடியும் யாரையாச்சும் உள்ள வைக்க முடியுமான்னு. பாவம், அவரு கவலை அவருக்கு. நாந்தான் இருக்கேன்னேன். அவரு ஒரு மாதிரி பாத்தாரு. எனக்கும் தெரியும். ஒத்த ஆம்பள இருக்கிற வீட்ட யாரும் குடியிருக்கிற வீடாக் கணக்குல எடுத்துக்க மாட்டாங்க. நான் காலையில எந்திரிச்சு கதவ வேணும்னே சத்தமாத் தொறப்பேன், சாத்துவேன். ரேடியோ வைப்பேன். ஒருநா காய்காரியச் சத்தம் போட்டுக் கூப்புட்டேன், அது திரும்பிப் பாத்துட்டுப் போயிருச்சு. அதான் வெலைய எறக்கிரலாம்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான் சார் கதை. நீங்க கேட்டீங்க, நான் சொல்லிட்டேன். வேற ஆளா இருந்தா மறச்சிருப்பான்.

மேடத்துக்கு நீங்களே சொல்லிருங்க. அவங்க என்கிட்டக் கேக்கல, அதனால நான் சொல்லக் கூடாது.

வாங்கம்மா. வாங்க, பாத்தாச்சா? அடுப்படி பெருசுதாம்மா. ஆமா, நல்லா வெளிச்சம் வரும். புடிச்சிருக்கா, சந்தோசம். இவருகிட்டத்தான் வீட்டப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தேன்.

கடைசியா யாரு இருந்தாங்களா? நாங்கதாம்மா. நானும் என் சம்சாரமும். அந்தப் பெட்டியெல்லாம் அவ கட்டுனதுதான், நல்லா இறுக்கிக் கட்டுவா.

அவளா? அவ ஒரு குறையும் சொன்னதில்லம்மா. இந்த வீடுன்னு இல்ல, எந்த வீட்டப் பத்தியும் சொன்னதில்ல.

என்னம்மா? அவகிட்ட நான் கேட்டேனாவா?

வண்டிச் சத்தம் கேக்குது. வீட்டுக்காரருதான். எந்திரிங்க சார், மாடியப் போயிப் பாப்போம். மாடி நல்லா காத்து வரும்.